ஏழாம் மாடி ஜன்னலுக்குக் கீழே சந்தனக்கூடு நிற்க வேண்டி

அனுப்புநர்:
சு. கோமதியம்மாள்,
க/பெ. சுடலைக்கண்ணன்,
நெல்லை நிவாஸ் கூட்டுறவு வீட்டுவசதி சங்கம்,
பி விங், ஏழாம் மாடி (சாக்கடை நாலா பக்கம்),
தாராவி, மும்பை.

பெறுநர்:
முதுநிலைக் காவல் ஆய்வாளர் அவர்கள்,
காவல் நிலையம்,
தாராவி, மும்பை.

பொருள்: தர்கா சந்தனக்கூடு ஊர்வலம் – முதல் நிறுத்தம் எங்கள் வீட்டிலிருந்து தரைத்தளத்துத் திருமதி பிரேமலதா வீட்டுக்கு மாறியது – பழையபடி எங்கள் வீட்டுக்கே வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எங்கள் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ள ஊர்வல அனுமதி விண்ணப்பத்தின் நகல்.

மதிப்பிற்குரிய ஐயா,

நவராத்திரி பந்தோபஸ்து வேலை தங்களுக்குத் தலைக்குமேல் இருக்கும் நேரத்தில் இந்த மனுவைத் தருவதற்கு வருந்துகிறேன். ஆனால் தசரா முடிந்த மறுநாள், வரும் மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை மாலை, சந்தனக்கூடு புறப்பட்டுவிடும். அதற்குள் தங்கள் உத்தரவு கிடைக்காவிட்டால் இன்னும் ஒரு வருடம் நான் வயிறு எரிந்துகொண்டிருக்க வேண்டும். ஆகவே பொறுமையாகப் படித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

1. முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். போன வாரம் நான் தங்கள் நிலையத்துக்கு நேரில் வந்திருந்தேன். பொட்டு வைத்த ஒரு பெண், தர்கா ஊர்வலத்தைப் பற்றிப் புகார் என்றதும் ஏட்டு ஐயாவின் முகம் மாறிவிட்டது. என்னை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், பேனாவைத் திறந்தார். "உங்க கல்லித் தெரு வழியா வரக் கூடாதா? இல்ல, சத்தம் ஜாஸ்தியா?" என்று தணிந்த குரலில் கேட்டார். ஊர்வலம் வருகிறது என்பது என் புகார் அல்ல, என் வீட்டுக்கு வருவதில்லை என்பதுதான் என் புகார் என்று சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டார். எழுதிக் கொண்டுவாருங்கள், பார்க்கலாம் என்றார். தாங்கள் அப்படிப் பேனாவை மூட மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

2. சந்தனக்கூடு என்பது என்னவென்று தாங்கள் அறிந்திருக்கலாம். எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள சிறிய தர்காவில் வருடத்துக்கு ஒருமுறை கந்தூரி விழா நடக்கும். மூங்கிலும் வண்ணக் காகிதமும் விளக்கும் வைத்துக் கோபுரம்போல் கட்டிய கூட்டை வண்டியில் ஏற்றி, தப்ஸ் மேளம் அடித்துக்கொண்டு தெருத்தெருவாக வருவார்கள். அதற்குள் ஒரு பித்தளைக் குடம் இருக்கும். குடத்தில் அரைத்த சந்தனம் இருக்கும். தர்காவைக் கட்டியவர்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் வியாபாரத்துக்கு வந்த முஸ்லிம்கள். என் மாமனார் சொரிமுத்து அவர்களும் அதே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, அவர்களில் ஒருவருடைய தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்தவர். அந்த முதலாளியின் பேத்திதான் சாதியா. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது எங்கள் கட்டடத்திலேயே ஏ விங் முதல் மாடியில் இருக்கிறார். கந்தூரிக்குச் சந்தனம் அரைப்பது அவர்கள் வீட்டு உரிமை. நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அவரும் நானும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். இந்த மனுவில் அவர் பெயர் பல இடங்களில் வரும். அதற்காக அவர்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டாம்.

3. எங்கள் வீட்டுக்கு இந்த மரியாதை சும்மா வரவில்லை. தொண்ணூற்று இரண்டு டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் கலவரத்தில் இந்த ஊர் எப்படி இருந்தது என்பதைத் தங்கள் நிலையத்துப் பழைய கோப்புகளே சொல்லும். யார் யாரை என்ன செய்தார்கள் என்று நான் எழுதப்போவதில்லை. இரண்டு பக்கத்திலும் எனக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அந்த நாளில் ஒரு காலை, சாதியாவின் வாப்பா ஒரு துண்டில் சுற்றிய பொருளைக் கொண்டுவந்து என் மாமனார் கையில் கொடுத்தார். தர்காவுக்கு என்ன ஆனாலும் குடம் போகக் கூடாது என்று மட்டும் சொன்னார். என் மாமனார் எங்கள் அரிசி டிரம்மைக் கவிழ்த்து, அடியில் குடத்தை வைத்து, மேலே அரிசியைக் கொட்டி மூடினார். டிரம்முக்குப் பக்கத்தில் ஸ்டவ்வைப் பற்றவைத்து உட்காரும்படி என்னிடம் சொன்னார். நான் அப்போது தலைப்பிள்ளை உண்டாகியிருந்தேன்.

ஆட்கள் வந்தார்கள். எங்கள் ஆட்கள்தான், பெயர் வேண்டாம். "சாமான் ஏதும் இங்க வச்சிருக்காங்களா?" என்று கேட்டார்கள். பரணில் ஏறிப் பார்த்தார்கள். டிரம்மைத் தட்டினார்கள். அது அரிசி நிறைந்த சத்தம்தான் கொடுத்தது. அந்தச் சத்தத்தை நம்பிப் போய்விட்டார்கள். அதற்குப்பிறகு எங்களுக்கு வந்த கஷ்டம் வேறு. தினமும் அரிசி எடுத்தால் மட்டம் இறங்கிக் குடத்தின் வாய் தெரிந்துவிடுமே! ஆகவே சோற்றுக்கு எடுக்கும் அரிசிக்கு ஈடாக உடனுக்குடன் பக்கத்து வீடுகளில் கேட்டு வாங்கி மேலே போட்டுக்கொண்டிருந்தேன். "ஊரே அடங்கிக் கெடக்கு, இந்த வீட்ல மட்டும் என்னட்டி விருந்து" என்று திட்டிக்கொண்டேதான் கொடுத்தார்கள். குடத்தில் ஒட்டியிருந்த பழைய சந்தனத்தின் வாசனை அரிசியில் ஏறி, பங்குனி வரைக்கும் எங்கள் வீட்டுச் சோறு மணந்துகொண்டிருந்தது.

4. ஊர் அடங்கிய பிறகு குடம் தர்காவுக்குத் திரும்பியது. அடுத்த கந்தூரிக்குப் பெரியவர்கள் இரண்டு முடிவு செய்தார்கள். கூடு முதலில் எங்கள் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். நெய்ச்சோற்றுக்கு முதல் படி அரிசி எங்கள் வீட்டு டிரம்மிலிருந்து, என் கையால் போக வேண்டும். அன்றிலிருந்து அப்படித்தான் நடந்தது. கூடு தெருவில் நிற்கும், குடம் மட்டும் வாசலுக்கு வரும். தர்கா லெப்பை பாத்திஹா ஓதுவார். நான் அரிசியைக் கொடுப்பேன், பன்னீர் தெளிப்பேன். சாதியா குடத்திலிருந்து சந்தனத்தை எடுத்து என் கழுத்தில் பூசுவார். எங்கள் அம்மன் கோயில் கொடை விழாவில் கும்பம் வரும்போது முதல் மாலை அவர்கள் வீட்டு மாலை, அது அவர்களுடைய மரியாதை. இன்றைக்கும் அதில் யாரும் கை வைக்கவில்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

எங்கள் பழைய சால் குடியிருப்பை இடித்துக் கட்டடம் எழும்பிய காலத்தில் நாங்கள் சுனாபட்டியில் வாடகைக்கு இருந்தோம். அப்போதும் கந்தூரியன்று அரிசியைத் துணியில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து, எங்கள் வாசல் இருந்த இடத்து மண்மேட்டில் நின்றேன். கூடு வந்து அந்த மண்மேட்டுக்கு முன்னால் நின்றது. கதவும் இல்லை, நிலையும் இல்லை. சாதியா கான்கிரீட் கம்பிகளைத் தாண்டி வந்து என் கழுத்தில் பூசினார்.

5. பிறகு புதுக் கட்டடம் வந்தது. குலுக்கலில் எனக்குத் தரைத்தளம் விழுந்தது, திருமதி பிரேமலதாவுக்கு ஏழாம் மாடி. பழைய சாலில் ஆடி மாதம் நாலாச் சாக்கடைத் தண்ணீர் கட்டில் கால்வரை ஏறியதை நான் மறக்கவில்லை. இனிமேலாவது தண்ணீர் ஏறாத வீட்டில் படுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவருக்குத் தையல் மிஷின் போட்டு ஆள் வந்துபோகத் தரைத்தளம் வேண்டியிருந்தது. "மைனி, நீங்க மேல போங்க, காத்து வரும்" என்றார். பேசி மாற்றிக்கொண்டோம். சங்கத்திலும் ஒப்புக்கொண்டார்கள். இதில் ஏதேனும் விதிமீறல் இருந்தால் தாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காற்று நன்றாகவே வருகிறது. ஆனால் தண்ணீரைப் பற்றி யோசித்த நான் சந்தனக்கூட்டைப் பற்றி யோசிக்கவில்லை. பிரேமலதா யோசித்தாரா என்று எனக்குத் தெரியாது. சத்தியமாக யோசித்திருக்க மாட்டார் என்று என் கணவர் சொல்கிறார். எனக்கு அந்த அளவு நிச்சயமில்லை.

6. போன வருடம் கந்தூரியன்று நடந்ததை எழுதுகிறேன். இதுதான் புகாரின் முக்கியப் பகுதி.

அன்று மாலை வாசல் கழுவிக் கோலம் போட்டேன். ஏழாம் மாடி நடையில் கோலம் போட்டதற்குச் சங்கச் செயலாளர் வாங்கிய அபராதத்தைப் பற்றி இங்கே பேசவில்லை. குத்துவிளக்கு ஏற்றி, படியில் அரிசி அளந்து, பன்னீர்ச் செம்பை எடுத்துவைத்து, பட்டுச்சேலை கட்டி, வாசல்படிக்கு உள்ளே நின்றேன். கூட்டை வரவேற்கிறவர்கள் படி தாண்டிப் போகக் கூடாது, அது வீடு தேடி வர வேண்டும் என்பது வழக்கம். மாடிக்கு எப்படி வரும் என்று என் கணவர் கேட்டார். "மண்மேட்டுக்கே வந்துச்சு, மாடிக்கு வராதாக்கும்?" என்று சொல்லிவிட்டேன். வரும் என்று நான் முழுமனதாக நம்பினேன் ஐயா.

தப்ஸ் சத்தம் தெருமுனையில் கேட்டது. நெருங்கியது. எங்கள் கட்டடத்தின் அடியில் வந்து நின்றது. படிக்கட்டில் கால் சத்தம் கேட்கிறதா என்று கழுத்தை மட்டும் வெளியே நீட்டிப் பார்த்தேன். கேட்கவில்லை. கீழே பாத்திஹா ஓதுகிற குரல் மட்டும் கேட்டது. பிறகு தப்ஸ் மறுபடி தொடங்கி, நகர்ந்து, அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. என் கணவர் கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்து, பிரேமலதா வாசலில் நின்றது, அவர் அரிசி கொடுத்தார், அவர் கழுத்தில் சாதியா சந்தனம் பூசினார் என்று சொன்னார். அளந்த அரிசியைத் திரும்ப டிரம்மில் கொட்டினேன். அது திரும்பி டிரம்முக்குப் போனது அதுதான் முதல் தடவை.

7. திருமதி பிரேமலதா அவர்களைப் பற்றிச் சில உண்மைகள். அவர் முலுண்டில் பிறந்து வளர்ந்து எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். கலவர வருடத்தில் அவர் முலுண்டில் பள்ளி மாணவி, கலவரம் என்றால் அவருக்குத் தெரிந்தது பள்ளிக்கு விடுமுறை விட்டதுதான். வந்த புதிதில் கந்தூரிச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிட்டவர். இன்றைக்கு அவர் வாசலில் சீரியல் பல்பு, செவ்வந்தித் தோரணம், புத்தம்புதுப் பன்னீர்ச் செம்பு. போன கந்தூரிக்குப் பச்சை நிறத்தில் பட்டுச்சேலை எடுத்துக் கட்டியிருந்தார். அவருக்குப் பச்சை பொருந்துகிறது என்று என் கணவர் சொன்னார். கணவரோடு இரண்டு நாள் நான் பேசவில்லை.

யாரோ போனில் வீடியோ எடுத்துக்கொண்டு வந்தபோது, "வருஷா வருஷம் இந்த வாசலுக்குத்தான் கூடு வரும்" என்று அவர் சொன்னதை அந்த வீடியோவில் நானே பார்த்தேன். அந்த வாசலுக்கே அப்போது ஒரு வயது ஆகவில்லை. அவர் கொடுத்த அரிசி டிரம் அரிசியும் அல்ல. நான் மாட்டுங்கா மார்க்கெட் வரை போய்ப் பார்த்துப் பார்த்து வாங்கும் சீரகச் சம்பாவும் அல்ல. பிளாஸ்டிக் பையில் வந்த பாஸ்மதி, அதுவும் ஒரு படியல்ல, சோறு முழுவதற்கும். அந்த வருடம் நெய்ச்சோறு நீளநீளமாக, உதிரியாக வந்ததாகப் பலரும் பாராட்டினார்கள். அடுத்த வருடமும் இதே அரிசி போடச் சொல்ல வேண்டும் என்று ஒருவர் சொன்னது என் காதிலேயே விழுந்தது. மறுநாள் எங்கள் வீட்டுப் பொட்டலத்தைச் சாதியா கொண்டுவரவில்லை, பிரேமலதாதான் கொண்டுவந்து கொடுத்தார். "சூடு ஆறுமுன்ன சாப்பிடுங்க மைனி" என்றார். சாப்பிட்டேன். சோற்றின் மேல் எனக்குக் கோபமில்லை. நீளமாகத்தான் இருந்தது.

8. சாதியா அவர்களைப் பற்றி. போன வருட மழைக்காலத்தில் குழிக்குள் தண்ணீர் இறங்கியதிலிருந்து எங்கள் லிஃப்ட் ஓடவில்லை. சாதியாவுக்கு முழங்கால் வலி. "ஏட்டி, உன் வீடு வானத்துல இருக்கு, நான் எங்க ஏற" என்று போனில் சொன்னார். ஒப்புக்கொண்டேன். ஆனால் நான்காம் மாடியில் ஒரு வீட்டில் குழந்தை பிறந்ததற்கு ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். நான்காம் மாடிவரை ஏறிய முழங்காலுக்கு ஏழாம் மாடி மட்டும் எப்படித் தெரிந்துவிடுகிறது என்பதைத் தாங்கள் விசாரித்தால் நல்லது.

மாலையானால் அவர் பிரேமலதா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். இஞ்சி டீ குடிக்கிறார். எங்கள் மாடியின் முன்பக்க நடையிலிருந்து எட்டிப் பார்த்தால் அவருடைய முக்காடும் டீ தம்ளரும் தெரியும், முகம் தெரியாது. பிரேமலதா அவருக்கு ஸலாம் சொல்லி வரவேற்கிறார். இத்தனை வருடத்தில் நானும் சாதியாவும் பார்த்தால் "சாப்ட்டியாட்டி" என்பதைத் தவிர வேறு வணக்கம் சொல்லிக்கொண்டதில்லை. அது போதாமல் இருந்ததா என்று அவர்தான் சொல்ல வேண்டும். அவர்கள் இருவரும் சிரிக்கும் சத்தம் ஏழு மாடியும் ஏறி வந்துவிடுகிறது. சத்தம் ஏறுகிறது, ஆள் ஏறவில்லை.

இதற்குப் பெயர் பொறாமை என்று என் கணவர் சொல்கிறார். ஆம் ஐயா, பொறாமைதான். மறைத்து எழுதி என்ன பயன்? எந்தச் சட்டப் பிரிவிலும் அது குற்றமாக எழுதப்படவில்லை என்றும் அவரே சொன்னார். இரண்டையும் ஒரே நாளில் சொன்னதற்காக அவருக்கு நன்றி தெரிவித்துக்கொள்கிறேன்.

9. இந்த வருடமாவது சரியாகும் என்று காத்திருந்தேன். போன வாரம் அறிவிப்புப் பலகையில் ஊர்வல அனுமதி விண்ணப்பத்தின் நகலை ஒட்டினார்கள். தங்களுக்கு வந்திருக்கும் அதே விண்ணப்பம்தான். நிறுத்தங்கள் என்ற இடத்தில் முதலாவதாக, நெல்லை நிவாஸ் தரைத்தளம், பிரேமலதா இல்லம் என்று மராத்தியில் எழுதியிருந்தது. எனக்கு மராத்தி கொஞ்சம்தான் வாசிக்கத் தெரியும். ஆனால் அந்தக் கையெழுத்தைத் தெரியும். எங்கள் பிள்ளைகள் எல்லாருக்கும் பள்ளியில் கரும்பலகையில் எழுதிப் போட்ட கை அது. போன வருடம் நடந்ததையாவது அவசரத்தில் நடந்தது என்று நினைத்துக்கொள்ளலாம். இது உட்கார்ந்து, யோசித்து, பேனா பிடித்து எழுதியது. தங்கள் நிலையத்து முத்திரையும் விழுந்துவிட்டால் பிறகு அது பழக்கமாகிவிடும். பிறகு வரும் பிள்ளைகள் அது என்றைக்கும் பிரேமலதா வாசலில்தான் நின்றது என்று சொல்வார்கள்.

10. தர்கா கமிட்டிச் செயலாளர் திரு. மைதீன்பிச்சை அவர்களிடம் முறையிட்டேன். நல்ல மனிதர், உட்காரவைத்துத்தான் பேசினார். கூடு தெருவில் நிற்கக் குடம் தனியே மாடி ஏற முடியாது, குடம் கூட்டத்தின் கண்ணைவிட்டு மறையக் கூடாது என்பது முறை என்றார். ஏறி இறங்குவதற்குள் போலீஸ் கொடுத்த நேரமும் தீர்ந்துவிடும் என்றார். இரண்டும் நியாயம். "கோமதியம்மா, நீங்க கீழ வந்து நின்னா ஒரு பிரச்சனையும் இல்லையே" என்றும் சொன்னார். கீழே என்றால் எந்த வாசல்? பிரேமலதா வாசல்தான்!

இதைக் கேள்விப்பட்டு பிரேமலதாவே மாடி ஏறி வந்தார். இளைக்க இளைக்க ஏறி வந்து, "மைனி, எங்க வாசல்ல வந்து நின்னு நீங்களே அரிசிய குடுங்க, நான் பக்கத்துல சும்மா நிக்கேன்" என்றார். என்னைச் சமாதானப்படுத்தவே வந்தார் என்பதை நான் மறுக்கவில்லை. அந்தப் பெருந்தன்மையைத்தான் ஐயா என்னால் தாங்க முடியவில்லை. அவர் சண்டைக்கு வந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். என் மரியாதையை அவர் எனக்குத் தானமாகத் தருவதா? தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

11. ஆகவே தங்கள் மேலான கவனத்துக்கு நான் வைக்கும் கோரிக்கை இதுதான்.

எங்கள் கட்டடத்தின் நாலா பக்கத்தில் வண்டி நிற்க இடம் இருக்கிறது. அதற்கு நேர்மேலே என் சமையலறை ஜன்னல். லிஃப்ட் நின்றதிலிருந்து நான் காய்கறி, பால் எல்லாம் கயிறு கட்டிய கூடையை இறக்கித்தான் வாங்குகிறேன். கூடு முதலில் அந்த ஜன்னலுக்குக் கீழே நிற்க வேண்டும். குடம் கீழேயே, எல்லார் கண்ணுக்கும் முன்னால் இருக்கட்டும். நான் டிரம் அரிசியை ஒரு படி அளந்து கூடையில் இறக்குவேன். பாத்திஹா ஓதியதும் ஒரு சிறு கிண்ணத்தில் சந்தனம் வைத்துக் கூடையை விடட்டும், நான் மேலே இழுத்துக்கொள்வேன். ஜன்னலும் வீட்டின் வாசல்தான். நான் படி தாண்ட வேண்டியதும் இல்லை. போன செவ்வாய்க்கிழமை ஒத்திகையும் பார்த்துவிட்டேன். ஒரு படி அரிசி ஒரு மணிகூடச் சிந்தாமல் இறங்கியது. வாட்ச்மேன் சாட்சி. பிரேமலதாவும் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப்பிறகு கூடு முன்பக்கம் சுற்றிப் பிரேமலதா வாசலில் நிற்பதாக இருந்தால் நிற்கட்டும். இரண்டாவதாக நிற்கட்டும். விண்ணப்பத்தில் முதல் நிறுத்தத்தைத் திருத்தி, "பி விங், நாலா பக்கம், ஏழாம் மாடி ஜன்னலுக்குக் கீழே, கோமதியம்மாள் இல்லம்" என்று எழுதி அனுமதி வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். லிஃப்டைச் சரிசெய்யச் சொல்லும் அதிகாரம் காவல் துறைக்கு இல்லை என்று தெரியும். ஆனாலும் தங்களைப் போன்ற ஒருவர் சங்கச் செயலாளரிடம் ஒரு வார்த்தை போட்டால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. கந்தூரிக்குள் இல்லாவிட்டாலும் தீபாவளிக்குள்ளாவது ஓடினால் போதும். ஓடத் தொடங்கிவிட்டால், முழங்கால் வலி உண்மையா இல்லையா என்பதையும் நானே தெரிந்துகொள்வேன்.

12. மனு மராத்தியில் இருந்தால்தான் எடுத்துக்கொள்வோம் என்று ஏட்டு ஐயா சொல்லியிருக்கிறார். எங்கள் கட்டடத்தில் தமிழைப் படித்து மராத்தியில் பிழையில்லாமல் எழுதித் தருபவர் ஒருவர்தான் உண்டு. ரேஷன் கார்டு, பென்ஷன், போலீஸ் எதுவானாலும் எல்லாருடைய மனுவும் அவர் கையால்தான் போகிறது. இதுவரை யாருக்கும் முடியாது என்று அவர் சொன்னதில்லை. அவர் சாதியாதான். ஆகவே தாங்கள் படிப்பதற்கு முன்னால் அவர் இதை முழுவதும் படித்திருப்பார். இன்று மாலை அவர் பிரேமலதா வாசலில் வந்து உட்கார்ந்ததும் இந்தத் தாள்களைக் கூடையில் வைத்து முன்பக்க நடையிலிருந்து இறக்கப்போகிறேன். என்னைப் பற்றியும் தன்னைப் பற்றியும் நான் எழுதியதில் ஒரு சொல்லையும் குறைக்காமல், கூட்டாமல் அவர் எழுதித் தருவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் அப்படிப்பட்டவர்.

இனி வரும் பத்தியை மட்டும் மராத்தியில் மாற்ற வேண்டாம் என்று அவரைக் கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் மன்னிக்க வேண்டும்.

ஏட்டி சாதியா, மூக்குக் கண்ணாடியப் போட்டுட்டுப் படி. உன் கை இம்புட்டு ஒசரம் எட்டாதுன்னு எனக்குத் தெரியும். கிண்ணத்துல வச்சு அனுப்பு, நானே பூசிக்கிடுதேன். ஆனா கூடையில வைக்கது உன் கையா இருக்கணும், வேற யார் கையும் படக் கூடாது. வச்சுட்டு ஒரு தடவ அண்ணாந்து பாரு, நான் ஜன்னல்லதான் நிப்பேன். அதுக்கப்புறம் அவ கழுத்துல பூசு, வேண்டாங்கல. மொதல்ல எனக்கு.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து அரிசியை அளந்துவைத்திருக்கும்,

(சு. கோமதியம்மாள்)

இடம்: தாராவி, மும்பை
நாள்: 22.09.2025